முதலாம் ஆண்டு மகளுக்குத் தமிழ் வாசிப்பு வரவில்லை, டியூஷன் போடலாமா?

பாயான் லெப்பாஸ் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ஏழு வயது. கோவிட் காலத்தில் தள்ளிப்போன பள்ளி ஆண்டு இந்த 2026-இல்தான் மறுபடியும் ஜனவரிக்கு வந்தது இல்லையா, அந்த ஜனவரியில் பினாங்குத் தீவிலேயே ஒரு தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்தோம். அதற்கு முன் இரண்டு வருடம் ஆங்கிலப் பாலர் பள்ளி. நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அதுதான் இருந்தது, சாயந்திரம் ஆறு மணி வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதால் சேர்த்தேன். ஆங்கிலக் கதைப் புத்தகத்தை யார் துணையும் இல்லாமல் வாசிப்பாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், என் அம்மாவோடு பேசிப் பேசி வந்த தமிழ். ஆனால் எழுத்து என்று பார்த்தால், பள்ளிக்குப் போன முதல் நாள் அ ஆ இ ஈ தாண்டி ஒன்றும் தெரியாது.

சித்திரையும் பிறந்தாயிற்று. இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் முக்கால்வாசி சரியாகச் சொல்லிவிடுகிறாள். சேர்த்துச் சொல் என்றால் நின்றுவிடுகிறாள், என் முகத்தைப் பார்க்கிறாள், அப்புறம் பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து ஊகித்து ஏதோ ஒன்றைச் சொல்கிறாள். போன வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பத்துக்கு மூன்று. 'கிளி' என்பதை 'கிலி' என்று எழுதியிருந்தாள், 'பழம்' என்பதை 'பளம்' என்று. டீச்சர் திட்டவில்லை, சிவப்பு மையில் சரியான எழுத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டியிருந்தார். ஆனால் மகள் அந்த நோட்டைப் பையில் அடியில் போட்டு மறைத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

இன்னொன்று, பள்ளியில் என்ன நடக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. காலை 5.45-க்கு எழுப்புகிறேன், 6.40-க்கு வேன் வந்துவிடும், மத்தியானம் வேன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடும், நான் போய் அழைத்து வரும்போது ஆறரை. "இன்னிக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல." தினமும் இதே பதில்தான். வாட்ஸ்அப் குழுவில் வரும் தகவலை வைத்து நாளைக்கு டீ-சட்டையா சீருடையா என்று மட்டும் தெரிந்துகொள்கிறேன்.

கணவர் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. தமிழ்ப்பள்ளி வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். அதனால் இப்போது அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் எனக்குள் ஒரு குற்ற உணர்ச்சி. "டியூஷன்ல போட்டுரு" என்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிலையம் இருக்கிறது, வாரத்துக்கு நாலு நாள், மாதம் 160 ரிங்கிட். காசுகூடப் பரவாயில்லை. பிள்ளை ஏற்கெனவே சாயந்திரம் ஆனால் சோபாவில் அப்படியே தூங்கிவிடுகிறாள்.

கேட்க வந்தது இதுதான். மூன்றரை மாதத்தில் வாசிப்பு வராதது தாமதமா? டியூஷன் போடலாமா? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஒரு வாரம் பள்ளியில் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

செந்தூல் அப்பா:

வணக்கம் சகோதரி. எனக்கு இரண்டு பையன்கள், ஒருவன் ஆறாம் ஆண்டு, சின்னவன் மூன்றாம் ஆண்டு, இருவரும் கோலாலம்பூரில் தமிழ்ப்பள்ளிதான். வாசிப்பைப் பற்றி ஆசிரியர்கள் யாராவது சொல்லட்டும், வாரம் எப்படிப் போகும் என்பதை நான் சொல்கிறேன். சின்னவன் முதலாம் ஆண்டில் இருந்தபோது ஆறு மாதம் நான் வீட்டிலிருந்தே வேலை செய்தேன், அதனால் ஓரளவு தெரியும்.

திங்கட்கிழமை சபைகூடல். வெயிலில் வரிசையாக நிற்பார்கள், நெகாராகூ என்ற தேசியப் பாட்டு, உங்கள் பக்கம் பினாங்கு மாநிலப் பாட்டும் இருக்கும், பள்ளிப் பாட்டு, அப்புறம் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு. ஐந்து கோட்பாட்டையும் ஒரு மாணவன் முன்னால் நின்று சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்வார்கள். என் பையன் குளிக்கும்போது சத்தமாக "கெபெர்சாயான் கெபாடா துஹான்" (இறைவன் மீது நம்பிக்கை) என்று சொன்னதைக் கேட்டுத்தான் அவனுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது என்றே எனக்குத் தெரியும். பாடங்கள் எல்லாம் அரை மணி அரை மணியாக ஓடும், சில பாடத்துக்கு இரண்டு பாடவேளை சேர்ந்து வரும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே நாளில் இருக்கும், நடுவில் கணிதம், அறிவியல், நன்னெறி. யோசித்துப் பாருங்கள், ஒரே காலையில் மூன்று மொழியில் கேட்டு இரண்டு வகை எழுத்தில் எழுதுகிற ஏழு வயதுப் பிள்ளை அது, சாயந்திரம் சோபாவில் தூங்காமல் என்ன செய்யும்.

உடற்கல்வி இருக்கும் நாள்தான் அவர்களுக்குத் திருவிழா. இந்த மார்ச், ஏப்ரல் மாத வெயிலில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர்ப் போத்தல் ஒன்று போதாது. தொடர்ந்து மூன்று நாள் 35 பாகையைத் தாண்டினால் வெளியே நடக்கும் நடவடிக்கைகளை நிறுத்திவிட வேண்டும், 37-ஐத் தாண்டினால் பள்ளியையே மூடலாம் என்று அமைச்சு வழிகாட்டி வைத்திருக்கிறது, பள்ளிகளும் அதைக் கவனித்துத்தான் நடக்கின்றன. பல பள்ளிகளில் புதன் மத்தியானம் புறப்பாடம் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் பெரிய வகுப்புகளுக்கு. வியாழக்கிழமை டீச்சர்கள் பாத்தேக் உடுத்தி வருவார்கள், யார் என்ன நிறம் என்று என் பையன் வந்து வரிசையாகச் சொல்வான். வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் காலையில் தேவாரம் பாடுவார்கள்.

"என்ன படிச்ச" என்று கேட்காதீர்கள். கால அட்டவணையைக் குளிர்பெட்டியில் ஒட்டி வையுங்கள், அதைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள். "இன்னிக்கு அறிவியல் இருந்துச்சே, என்ன தண்ணியில போட்டீங்க?" நான் இப்படிக் கேட்ட அன்றைக்கு என் பையன் இருபது நிமிடம் நிறுத்தாமல் பேசினான். முதலாம் ஆண்டு அறிவியலில் நீரை ஈர்க்கும் பொருள், ஈர்க்காத பொருள் என்று ஒரு பாடம் உண்டு. பஞ்சு, துணி, டிஷ்யூ எல்லாம் தண்ணீரை உறிஞ்சும், பிளாஸ்டிக் பை உறிஞ்சாது. அன்று ராத்திரி என் கைக்குட்டை, காலுறை, பர்ஸ் எல்லாம் வாளியில் கிடந்தன. அப்படியே "ரெஹாட்டுக்கு யார்கூட உட்கார்ந்த, என்ன சாப்பிட்ட" என்று இடைவேளையைப் பற்றியும் கேளுங்கள். பிள்ளைக்குப் பள்ளி என்றால் பாதி அந்த இருபது நிமிடம்தான்.

---

சுண்ணக்கட்டி:

வணக்கம்ங்க. நான் பிறை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை, பத்தொன்பது வருடமாகப் படிநிலை ஒன்றில்தான், அதாவது முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை. உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பதில் சொல்லும் முன் ஒன்று கேட்கிறேன். உங்கள் மகள் 'படம்' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகச் சொல்லும்போது கடைசி எழுத்தை எப்படிச் சொல்கிறாள்? "ம்ம்" என்றா, "இம்" என்றா?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், மெய்யெழுத்தை நாம் இக், இங், இச் என்று 'இ' சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். தனியாக உச்சரிக்க அது வசதி. ஆனால் வாசிக்கும்போது அந்தப் பிள்ளை "ப, ட, இம்" என்று சொல்லிவிட்டுச் சேர்க்கப் பார்க்கிறது. சேர்த்தால் என்ன வரும்? "படஇம்." அப்படி ஒரு சொல்லை அது கேட்டதே இல்லை, அதனால் நின்றுவிடுகிறது, உங்கள் முகத்தைப் பார்க்கிறது, படத்தைப் பார்த்து ஊகிக்கிறது. பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, நாம் கொடுத்த ஒலியை அப்படியே நம்பிச் சேர்க்கிறது. ஆங்கிலப் பாலர் பள்ளியில் ஒலிகளை இணைத்து வாசித்துப் பழகிய பிள்ளைக்கு இது இன்னும் குழப்பம், ஏனென்றால் ஒலிகளைச் சேர்த்தால் சொல் வரும் என்று அதற்கு ஏற்கெனவே தெரியும், இங்கே சேர்த்தும் வரவில்லை.

வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். மெய்யெழுத்தைத் தனியாக விடாமல் முன்னெழுத்தோடு ஒட்டிவிடுங்கள். ப, டம். ம, ரம். ப, ழம். க, ல் என்று பிரிக்காமல் ஒரே மூச்சில் கல், பல், நெல். புள்ளி வைத்த எழுத்தை விரலால் தொட்டு "இது தனியா நிக்காது, முன்னாடி இருக்கிறவன் கையைப் பிடிச்சுக்கும்" என்று சொல்லுங்கள். என் வகுப்பில் நிஜமாகவே பிள்ளைகளை எழுத்து அட்டையோடு வரிசையில் நிற்கவைத்து, புள்ளி எழுத்து பிடித்திருக்கும் பிள்ளை முன்னால் நிற்பவர் கையைப் பிடிக்க வேண்டும் என்று விளையாடுவோம். முதல் வாரம் சத்தமும் கூச்சலுமாக இருக்கும், இரண்டாம் வாரம் பாதிப் பேர் படித்துவிடுவார்கள்.

அடுத்த தடங்கல் கொம்பு. கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக வாசிக்கிற பிள்ளை முதலில் கொம்பைப் பார்த்து "இது என்ன எழுத்து" என்று தேடுகிறது. கொ, கோ என்றால் ஒரு பக்கம் கொம்பு, இன்னொரு பக்கம் கால், நடுவில் எழுத்து. இதற்கு நான் செய்வது, கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே வட்டமாகப் பென்சிலால் சுற்றிவிடச் சொல்வேன். வட்டத்துக்குள் இருப்பது எல்லாம் ஒரே எழுத்து, ஒரே ஒலி. ஒரு பக்கத்தில் இருக்கும் சொற்களை முதலில் வட்டம் போட்டு முடித்துவிட்டு அப்புறம்தான் வாசிக்க வேண்டும்.

247 எழுத்து என்றதும் பெற்றோருக்கே பயம் வந்துவிடுகிறது. கணக்குப் பாருங்கள், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216-உம் இந்த உயிரும் மெய்யும் சேர்ந்து வருகிறவைதான். அகர வரிசை பிடிபட்டால் கால், கொம்பு, மேலே வளைவு என்று குறி மாறுவதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். உகர, ஊகார வரிசை மட்டும் விதிவிலக்கு. கு, சு, து, மு, ரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள், அவசரமே இல்லை.

'கிலி', 'பளம்' பற்றிக் கவலைப்படாதீர்கள், உண்மையில் எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது. பிள்ளை காதால் கேட்டதை எழுத்தாக்கியிருக்கிறாள். நம்மில் பலர் பேசும்போது வாளப்பளம் என்றுதானே சொல்கிறோம், அவள் கேட்டது அதுதான். கண்ணாடி முன் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ல சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடும், ள சொல்லும்போது நாக்கு மடங்கி மேலண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு அதைவிட மடங்கும் ஆனால் எங்கேயும் ஒட்டாது. பிள்ளைகளுக்கு இது வித்தை மாதிரி இருக்கும், விடவே மாட்டார்கள்.

மூன்றரை மாதம் தாமதம் இல்லை. என் வகுப்பில் இந்த வருடம் முப்பது பேரில் பதினொரு பேர் இன்னும் உங்கள் மகள் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறார்கள், பெரும்பாலும் வேற்றுமொழிப் பாலர் பள்ளியிலிருந்து வந்தவர்கள். நாலு நாள் டியூஷன் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. களைத்துப்போன பிள்ளையை மறுபடியும் ஒரு மேசையில் உட்காரவைத்தால் தமிழ் எழுத்தைப் பார்த்தாலே தூக்கம் வரும் என்று ஆகிவிடும். வீட்டில் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும்.

அப்புறம் உங்கள் கணவர். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பிள்ளையிடம் படிக்கச் சொல்லுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். தெரிந்த அம்மாவின் முன்னால் பிள்ளை தப்புச் செய்யப் பயப்படும். தெரியாத அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயமே இருக்காது.

---

பட்டர்வொர்த் பாட்டி:

அம்மாடி, டீச்சர் சொன்னதையே கேட்டுக்கொள், நான் வேறு ஒன்றைச் சொல்ல வந்தேன்.

நான் தோட்டப் பள்ளியில் படித்தவள். ஒரே கூடத்தில் மூன்று வகுப்பு நடக்கும். எங்களுக்கு ஞாயிறு சாயந்திரம் என்றால் காலணிக்கு வெள்ளை அடிக்கிற நேரம். அடித்து, வாசலில் வெயில் இறங்கும் முன் காயவைத்து, மறுநாள் காலையில் ஈரம் இருந்தால் அழுகை. இப்போது எல்லாம் கறுப்புக் காலணி ஆகிவிட்டது, நல்ல வேளை. ஆனால் அந்த வெள்ளை அடிக்கிற நேரத்தில் என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆத்திசூடி சொல்லுவார். "அறஞ்செய விரும்பு" என்று அவர் சொல்ல நான் "ஆறுவது சினம்" என்பேன். அவருக்கு எழுதத் தெரியாது, கேட்டுப் பாடம் பண்ணியவர். எனக்கு எழுத்து அப்புறம்தான் வந்தது, வாய்க்கு வந்த சொல்லைத் தாளில் பார்த்தபோது "அட, இதுவா அது" என்று இருந்தது.

முதலாம் ஆண்டுப் புத்தகத்தில் இப்போதும் ஆத்திசூடி இருக்கிறது, என் பேத்தி சொல்லிக் கேட்டேன். உன் அம்மா வீட்டில்தானே மத்தியானம் எல்லாம் பிள்ளை இருக்கிறாள்? உன் அம்மாவிடம் சொல். சோறு ஊட்டும்போது ஒரு வரி. பிள்ளை நோட்டை ஒளித்து வைத்தது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும், ஆனால் அதை நீ கண்டுபிடித்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நானும் அப்படி ஒரு சிலேட்டை ஒளித்து வைத்திருக்கிறேன், என் அம்மா அதை எடுத்து அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டிவிட்டார், அறுபது வருடம் ஆகியும் மறக்கவில்லை.

---

ஆயர் ஈத்தாம் வாசி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். டீச்சர் சொல்வது வீட்டில் ஒருவர் பத்து நிமிடமாவது உட்கார முடிந்தால் சரி. நானும் மனைவியும் இரண்டு பேரும் ஷிப்ட் வேலை, பல வாரங்களில் மகனைத் தூங்கும்போதுதான் பார்ப்போம். நாங்கள் டியூஷனில் போட்டோம். முதலில் போட்ட இடம் சரியில்லை, முப்பது பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துப் பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று மாதக் காசு போனதுதான் மிச்சம். அப்புறம் எங்கள் அடுக்குமாடியிலேயே ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரிடம் வாரம் இரண்டு நாள், நாலே பிள்ளைகள். அதில்தான் மகன் படித்தான். அதனால் டியூஷனே வேண்டாம் என்று மொத்தமாகச் சொல்ல மாட்டேன். உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், விடமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.

---

பாயான் லெப்பாஸ் அம்மா:

டீச்சர்! நேற்று ராத்திரி கேட்டுப் பார்த்தேன். "ப, ட, இம்" என்றுதான் சொன்னாள்! நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள், எனக்கே இது தோன்றவில்லை. "ப, டம்" என்று ஒரு முறை சொல்லிக் காட்டினேன், "மரம்" அவளே சொன்னாள், "நகம்" அவளே சொன்னாள், அப்புறம் "தவளை"யில் நின்றுவிட்டாள். அது அந்தக் கொம்புதான் போலிருக்கிறது.

பாட்டி, நீங்கள் சொன்னதைப் படித்து அழுதுவிட்டேன். நோட்டைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். அறிக்கையில் தமிழ் வாசிப்புக்கு இரண்டாம் அடைவுநிலை என்று போட்டிருக்கிறார்கள். ஆறில் இரண்டு என்றால் தோல்வி மாதிரிதானே? அப்புறம் பெமுலிஹான் என்ற குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்பலாமா என்று வகுப்பாசிரியர் கேட்டிருக்கிறார். அதற்கு அனுப்பினால் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

---

சுண்ணக்கட்டி:

தவளையில் நின்றதற்குக் காரணம் நீங்கள் சொன்னதேதான், 'ளை'யில் குறி முன்னால் நிற்கிறது. வட்டம் போடச் சொல்லுங்கள்.

அடைவுநிலையை மதிப்பெண் மாதிரி பார்க்காதீர்கள். ஒன்று என்றால் பிள்ளைக்கு அது தெரியும், இரண்டு என்றால் தெரியும், புரியும், மூன்று என்றால் தெரிந்து புரிந்து செய்யவும் முடியும். மூன்றுதான் எல்லாப் பிள்ளையும் எட்ட வேண்டிய குறைந்தபட்ச இடம். அதற்கு மேல் உள்ள நாலு, ஐந்து, ஆறு எல்லாம் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு சொந்தமாக, மற்றவர்களுக்கு முன்மாதிரியாகச் செய்கிறது என்பதற்கு. உங்கள் மகளுக்கு எழுத்து தெரிகிறது, புரிகிறது, சேர்க்கத்தான் வரவில்லை, ஆக அந்த இரண்டு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். இது ஆண்டு முழுக்க வகுப்பில் பார்த்துப் பார்த்து மாற்றுவது. 2021-இல் யூபிஎஸ்ஆர் என்ற ஆறாம் ஆண்டுத் தேர்வை எடுத்ததே ஒரே நாள் தேர்வில் பிள்ளையை அளக்கக்கூடாது என்பதற்குத்தான், ஆனால் நாம் இன்னும் எண்ணைப் பார்த்தால் தேர்வு முடிவு வந்த மாதிரி பதறுகிறோம்.

பெமுலிஹானுக்குத் தயங்காமல் அனுப்புங்கள். மூன்றாம் ஆண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அது, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றில் எங்கே இடிக்கிறதோ அங்கே மட்டும் கைபிடித்து விடுவார்கள். சின்னக் கூட்டம், தனி அறை, விளையாட்டுப் பொருள்கள். என் பள்ளியில் அந்த அறைக்குப் போக மற்ற பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். பிடிபட்டதும் வகுப்புக்குத் திரும்பிவிடுவாள். சம்பளத்துக்கு ஓர் ஆசிரியர் அதற்கென்றே இருக்கிறார், காசு கொடுத்து டியூஷன் தேடும் முன் அதைப் பயன்படுத்துங்கள். ஆயர் ஈத்தாம் சகோதரர் சொன்னதும் நியாயம், எல்லார் வீட்டிலும் நேரம் இருக்காது, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வகுப்பு இன்னும் முக்கியம்.

---

செந்தூல் அப்பா:

என் பெரியவன் இரண்டாம் ஆண்டில் ஏழு மாதம் பெமுலிஹானில் இருந்தான். இன்றைக்குச் செய்யுள் ஒப்புவித்தல் போட்டிக்குப் பள்ளி சார்பில் போகிறான். அந்த டீச்சரை வழியில் பார்த்தால் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வான்.

---

பாயான் லெப்பாஸ் அம்மா:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று சொல்லிவிட வேண்டும் இல்லையா.

டியூஷன் போடவில்லை. பெமுலிஹானுக்கு ஒப்புக்கொண்டேன், வாரம் மூன்று முறை போகிறாள். கால அட்டவணை குளிர்பெட்டியில் இருக்கிறது. இப்போது ராத்திரி பையை அவளே அதைப் பார்த்து அடுக்குகிறாள், முன்பெல்லாம் எல்லாப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போவாள். செந்தூல் அண்ணா சொன்ன மாதிரி கேட்டேன், பதில் கொட்டுகிறது. பள்ளிக்கு வெளியே தெக்கோமா மரம் பூத்திருந்ததாம், கீழே விழுந்த பூவை எடுத்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோயிருக்கிறாள், டீச்சர் அதையே அறிவியலில் பூ, இலை, தண்டு, வேர் சொல்லிக்கொடுக்க எடுத்துக்கொண்டாராம். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கணவர் விஷயம்தான் நான் சொல்ல வந்தது. முதல் இரண்டு நாள் வெட்கப்பட்டார். இப்போது தினமும் ராத்திரி எட்டரைக்கு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவள் டீச்சர், அவர் மாணவர். இரட்டைக்கோட்டு நோட்டு அவருக்கும் ஒன்று வாங்கியாயிற்று. அவர் 'கெ' எழுதும்போது க-வை முதலில் எழுதிவிட்டு அப்புறம் கொம்புக்கு இடம் தேடுகிறார், அவள் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு "அப்பா, கொம்பு முதல்ல எழுதணும், ஆனா வாயில கடைசியிலதான் வரும்" என்கிறாள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

போன ஞாயிறு குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு லிட்டில் இந்தியா பக்கம் நடந்தோம். ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையில் 'வாழை இலைச் சாப்பாடு' என்று இருந்தது. இருவரும் நின்றுவிட்டார்கள். அவர் "வா... லை" என்றார். இவள் நடுத்தெருவில் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயைத் திறந்து நாக்கை மடித்துக் காட்டி, "ழை, அப்பா, ஒட்டக்கூடாது" என்றாள். அவர் நாலு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் அடுத்த சொல்லில் இருக்கும் லை வேறு, இந்த ழை வேறு என்று விரலை நீட்டி அவளே பிரித்துக் காட்டினாள். கடைக்காரர் வெளியே வந்து என்ன என்று கேட்டுவிட்டு, அவளுக்கு ஒரு பழம் கொடுத்தார், இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். "வாழைப்பழம்" என்று இரண்டு ழ-வையும் அழுத்திச் சொன்னாள்.

சொல்வதெழுதுதலில் இந்த வெள்ளிக்கிழமை பத்துக்கு ஆறு. நோட்டை மேசை மேலேயே வைத்திருந்தாள்.

டீச்சர், இப்போது கு, சு, து வந்துவிட்டது, நீங்கள் சொன்னபடியே அதில்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர் 'மு'வையும் 'ழு'வையும் மாற்றி மாற்றி எழுதுகிறார். அதற்கு உங்கள் வகுப்பில் ஏதாவது விளையாட்டு இருக்கிறதா? ஆசிரியர் தினம் மே 16 இந்த முறை சனிக்கிழமை வருவதால் பள்ளியில் முன்னாலேயே கொண்டாடுகிறார்களாம், வாழ்த்து அட்டையில் 'முதல் டீச்சருக்கு' என்று எழுத வேண்டும் என்று இவள் இப்போதே ஆரம்பித்துவிட்டாள், அதற்குள் அந்த 'மு' வந்துவிட வேண்டும்.